திரைக்குள் அடங்காத பகுதி

கம்ப்யூட்டரோடு வரும் மலைப் படத்தையே கடைசிவரை வைத்திருப்பவர்களைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருக்கும், ஐயா. என் ரிப்பேர் கடைக்கு வருகிற எல்லோருக்கும் சொல்வேன், நம் வீட்டுத் திரையில் நம் முகம் இருக்க வேண்டும் என்று. என் மனைவிக்கும் நான்தான் சொல்லிக்கொடுத்தேன். ஓரங்களில் கறுப்புப் பட்டை தெரிந்தால் அசிங்கம் என்று, எந்தப் படம் வைத்தாலும் திரையை முழுக்க நிரப்பும்படி மாற்றிவைத்ததும் நான்தான்.

சொந்தச் செலவில் சூனியம் என்பார்களே, அதுதான். என் படத்தை வைப்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் தன் தம்பியோடு கடற்கரையில் உட்கார்ந்திருக்கும் படத்தை வைத்தாள்.

தம்பி எங்களோடுதான் இருந்தான். நல்லவன், அதை மறைக்க மாட்டேன். அக்காவும் தம்பியும் நகமும் சதையும் மாதிரி. சமையலறையில் இருவரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். நான் உள்ளே போனால், "காபி வேணுமாங்க?" என்று கேட்பாள்.

அந்தப் படத்திலும் இருவரும் தலை குனிந்து சிரிக்கிறார்கள். அவள் கையில் ஒரு குடை, முன்பக்கம் சாய்ந்திருக்கிறது. அன்று நானும்தான் கூடப் போயிருந்தேன். எனக்குத் தெரியாமல் என்ன சிரிப்பு?

"எதுக்கு அப்படிச் சிரிச்சீங்க?" என்று கேட்டேன்.

"அது பெரிய கூத்துங்க, அப்புறம் சொல்றேன்" என்று தம்பியைப் பார்த்து மறுபடியும் சிரித்தாள்.

அவள் வீட்டிலிருந்தே தட்டச்சு வேலை செய்கிறவள். நாள் முழுக்க அந்தத் திரைதான், அந்தத் தம்பிதான். எனக்கு வயிறு எரிந்தது.

மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டிக்கு ஏறும் இரும்பு ஏணியைச் சுவரோடு பிணைத்திருந்த திருகாணிகளைக் கழற்றினேன். திருகாணி கழற்றுவது எனக்குப் பழகிய வேலை.

"தம்பி, டேங்க் நிரம்பிடுச்சான்னு ஏறிப் பாரேன்."

"இதோ மாமா."

பாதிக் காபியை அப்படியே வைத்துவிட்டுப் போனான். எல்லோரும் விபத்து என்றார்கள். நானும் அழுதேன். அது பொய் அழுகை இல்லை.

பிறகு அவள், "அந்தப் படத்தைப் பெருசா பிரிண்ட் போட்டுக் குடுங்க" என்றாள். கடையில்தான் முதல் தடவையாக அதை முழுதாகத் திறந்து பார்த்தேன். செல்போனை நிமிர்த்திப் பிடித்து யாரோ எடுத்த நீளப் படம். திரையை நிரப்பியதில் மேலும் கீழும் வெட்டுப்பட்டிருந்தது. வெட்டுப்பட்ட கீழ்ப் பகுதியில் நான் இருந்தேன். மணலில் வாயைப் பிளந்துகொண்டு தூங்குகிறேன். என் முகத்தில் வெயில் படாமல் அவள் குடை பிடித்திருக்கிறாள். இருவரும் என்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்கள். ஊருக்கெல்லாம் சகுனம் சொன்ன பல்லி கழுநீர்ப் பானையில் விழுந்த கதை.

எனக்கு மனசு நிறைந்துவிட்டது. தம்பி இருந்த பக்கத்தை நறுக்கிவிட்டு, அவளும் நானும் குடையும் மட்டும் வரும்படி செய்து திரையில் வைத்தேன். அவளைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"இதுல தம்பி எங்கங்க?" என்றாள்.

இனி நமக்குள் ஒளிவுமறைவு எதற்கு என்று, என் சந்தேகத்தையும் ஏணியையும் திருகாணிகளையும் பொறுமையாக விளக்கினேன். அவள் செருப்புகூடப் போடாமல் ஸ்டேஷனுக்கு, உங்களிடம் வந்துவிட்டாள்.

போகும்போது திரையை அணைக்கவில்லை, ஐயா. படம் பிடித்திருக்கிறது போல.