அண்ணன் முறை

வீட்டு வரிப் புத்தகத்தைப் பார்த்து வம்சம் கண்டுபிடிப்பது ஒன்றும் பெரிய வித்தை இல்லை, ஐயா. எந்த வீட்டுக்கு யார் வரி கட்டினார், அவருடைய அப்பா யார் என்று அதில் எழுதியிருக்கும். அண்ணன் தம்பி பாகம் பிரித்தால் ஒரு வீடு இரண்டாகும். அப்படியே பின்னால் போனால் தாத்தாவின் தாத்தா வரை பிடித்துவிடலாம். வரி அலுவலகத்திலிருந்து நான் ஓய்வு பெற்ற பிறகும் சம்பந்தம் பேசுகிறவர்கள் என்னைத்தான் தேடி வருவார்கள். இரண்டு குடும்பமும் ஒரே வீட்டில் போய் நின்றால் பங்காளிகள்; பையனும் பெண்ணும் அண்ணன் தங்கை முறை. பேச்சு அதோடு முடிந்துவிடும்.

மனைவி போன பிறகு என் மகள்தான் என்னைப் பார்த்துக்கொண்டாள். சாப்பாடு, மாத்திரை, வெந்நீர் எதுவும் வேளை தவறாது. அவளுக்கு முதலில் வந்த வரன் நிஜமாகவே பங்காளி வீடு. நான் பொய் சொல்லவில்லை. வந்தவர்கள் எழுந்து போனதும் அவள் வழக்கம்போல எனக்குச் சாப்பாடு போட்டாள். நிம்மதியாக இருந்தது. அடுத்த வரனுக்கு நான் புத்தகத்தைத் திறக்கக்கூட இல்லை; பங்காளி வீடு என்று சொல்லிவிட்டேன்.

பிறகு அவளே ஒரு எலக்ட்ரீஷியனைப் பிடித்திருக்கிறது என்றாள். தங்கமான பையன், குறை சொல்ல முடியாது. "அவன் உனக்கு அண்ணன் முறைம்மா" என்றேன். சில நாள் அவள் சரியாகச் சாப்பிடவில்லை. அப்புறம் அவன் எங்கள் மின்விசிறியைச் சரிசெய்ய வந்தபோது, "காபி எடுத்துக்கோங்கண்ணா" என்றாள். அவன் நிமிர்ந்தே பார்க்கவில்லை. பெண்ணை நன்றாகத்தான் வளர்த்திருக்கிறேன் என்று எனக்குப் பெருமையாக இருந்தது.

அந்தப் பையன் சும்மா இருந்திருக்கலாம். வரி அலுவலகத்துக்குப் போய்ப் பார்த்துவிட்டான். நேற்று சாயங்காலம் மகள் என் எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"அவங்க வீடு வேற, நம்ம வீடு வேறயாம். ஏம்ப்பா அப்படிச் சொன்னீங்க?"

"கண்ணு சரியாத் தெரியலம்மா."

"அவரை அண்ணான்னு கூப்பிட்டேனேப்பா. என் வாயாலேயே கூப்பிட்டேனே."

அழவில்லை. காலை பஸ்ஸில் அவனோடு கிளம்புவதாகச் சொன்னாள். "பக்கத்து வீட்டு அக்காகிட்ட உங்க சாப்பாட்டுக்குச் சொல்லிட்டேன்" என்றாள்.

அவளுக்கு நானே டீ போட்டேன். என் தூக்க மாத்திரைகளை அதில் கரைத்தேன். ஒரு பஸ்ஸைத் தவறவிட்டால் மனசு மாறும் என்றுதான் முதலில் நினைத்தேன். பஸ் தினமும் இருக்கிறதே என்று பிறகு தோன்றியது. மிச்சத்தையும் போட்டேன். "சர்க்கரை தூக்கலா இருக்குப்பா" என்றாள். முழுதும் குடித்தாள்.

காலையில் அவன் வந்து கதவைத் தட்டினான். "தூங்குறா, எழுப்ப வேண்டாம்" என்று நான்தான் சொன்னேன்.

கொன்றது நான்தான், எழுதிக்கொள்ளுங்கள். மற்றபடி ஒரு அப்பா செய்ய வேண்டியதெல்லாம் அவளுக்குச் செய்திருக்கிறேன், ஐயா. கல்யாணம் ஒன்றுதான் குறை. என்ன செய்வது, கடைசிவரை அவளுக்கு நல்ல இடமே அமையவில்லை.