சோளத்தைத் தவிர எல்லாம்

மணலூர்பேட்டை பஸ்ஸில் என் பக்கத்து சீட்டுக்காரர் தன் கூட்டாளியிடம் சொன்னார்:

“களைமருந்து அடிச்சதுலேர்ந்து என் பொண்டாட்டி என்கிட்ட பேசறதில்லப்பா.”

“ஏன், இன்னா ஆச்சி?”

“மக்காச்சோளத்தத் தவிர எல்லாம் காஞ்சிடும்னு கடைக்காரர் சொன்னாரு. அதே மாதிரி காஞ்சிடுச்சி.”

“நல்லதுதானே?”

“ஊடால அவ உளுந்து போட்டிருந்தா. அதுவும் போச்சி.”

“கடைக்காரர்கிட்ட உளுந்து இருக்குதுன்னு சொல்லலியா?”

“எனக்கே தெரியாது. வெதச்சப்புறம் மருந்தடிக்கத்தான் நெலத்துக்கே போனேன். அதுவும் களைன்னு நெனச்சிக்கினேன்.”

“சரி, களையாவது ஒழிஞ்சுதா?”

“கோரை மட்டும் பச்சப்பசேல்னு நிக்குது.”

அந்த மனைவி முன்சீட்டில்தான் இருந்திருக்கிறார். திரும்பவில்லை. ஜன்னலைப் பார்த்தபடியே சொன்னார்:

“எந்த மருந்துக்கும் அடங்காதது எங்ககிட்ட ரெண்டு இருக்குது. அதுல ஒண்ணுதான் கோரை.”