ஃப்யூஸ் போன ட்யூப்லைட்

பேரணாம்பட்டிலிருந்து ஆம்பூர் போகும் காலை பஸ். எனக்கு முன்சீட்டில் ஷூ கம்பெனி அடையாள அட்டை மாட்டிய இரண்டு பெண்கள்.

“நேத்து எங்கூட்ல மின்னல் வுட்டேங்க்கா.”

“இன்னாடி உளர்ற?”

“டெஸ்லா காயில்க்கா. ஒரு வெப்சைட்ல படம் போட்டு சொல்லித் தர்றாங்க. பைப்புல ஆயிரம் சுத்து கம்பி சுத்தி, ஸ்விட்ச்ச போட்டேன். மூலையில சாத்தி வெச்ச ஃப்யூஸ் போன ட்யூப்லைட்டு ஒயரே இல்லாம எரியுதுக்கா!”

“ஐயோ! அப்புறம்?”

“பேய்னு பயந்து, மாமியார் பாஸ்டரக் கூட்டினு வந்துட்டாங்க.”

டிக்கெட் கொடுத்த கண்டக்டர் அங்கேயே நின்றுவிட்டார்.

“ஜெபம் பண்ணாராடி?”

“எங்க? ‘இன்னொரு தடவ போடும்மா’ன்னு நாலு தடவ பாத்தாரு. வெப்சைட் லிங்க்க வாங்கினு போனாரு. இன்னிக்குக் காலைல அஞ்சு மணிக்கே போன் பண்ணி, ‘கம்பி எந்தக் கடைல வாங்குன?’ன்னு கேக்கறாரு.”