பழைய பாஸ்வேர்டு

போனில் மெயில் பாஸ்வேர்டு மாற்றுவது ஒன்றும் பெரிய வித்தை இல்லை, மேடம். செட்டிங்ஸுக்குள் போய்க் கணக்கைத் தொட்டு, பாதுகாப்பு என்று இருப்பதைத் திறந்தால் பாஸ்வேர்டு என்று ஒரு வரி வரும். முதலில் பழையதைக் கேட்கும். பிறகு புதியதை இரண்டு தடவை அடிக்க வேண்டும். நிதானமாகச் செய்தாலும் இரண்டு நிமிட வேலைதான். பதினோரு வருடமாக இதைத்தான் ஊருக்கே செய்து கொடுத்துக்கொண்டிருக்கிறேன்.

என் கடையை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். ஒரு கம்ப்யூட்டர், ஒரு ஜெராக்ஸ் மெஷின், மூன்று பிளாஸ்டிக் நாற்காலி. விண்ணப்பம் நிரப்ப வருகிறவர்களில் பாதிப் பேருக்கு மெயிலே இருக்காது, நான்தான் ஆரம்பித்துக் கொடுப்பேன். மறந்துவிட்டு வந்து நிற்பார்கள் என்று பாஸ்வேர்டை நீல அட்டை நோட்டில் எழுதி வைப்பேன். எல்லாரிடமும் ஒரே பாட்டைத்தான் பாடுவேன்: வேண்டியவர்கள் பெயரை மட்டும் வைக்காதீர்கள், உங்களைத் தெரிந்தவன் முதலில் அதைத்தான் போட்டுப் பார்ப்பான். பூம்பூம் மாடு மாதிரித் தலையாட்டிவிட்டுப் பேத்தி பெயரை வைத்துக்கொண்டு போவார்கள்.

அந்த நோட்டின் முதல் பக்கம் முதல் வரி என் தங்கச்சியுடையது. முப்பத்திரண்டு வயதிலும் எனக்கு அவள் பொடிசுதான். மூன்றரை வயதில் என் இடுப்பில் ஏறியவள். அவளுக்கு மெயில் ஆரம்பித்துக் கொடுத்தது நான், பாஸ்வேர்டு வைத்தது நான். மறந்துபோனால் ஓடிபி வருவதற்குக் கொடுத்ததும் என் போன் நம்பர்தான். போனில் ஒரு படம் அனுப்ப வேண்டுமென்றாலும் "அக்கா, இதைப் பாரேன்" என்று கையில் திணித்துவிட்டுப் போவாள். சலித்துக்கொண்டேதான் செய்து கொடுப்பேன். அந்தச் சலிப்பு எனக்குப் பிடித்திருந்தது என்பது பிறகுதான் தெரிந்தது.

மருந்துக்கடையில் வேலைக்குச் சேர்ந்த பிறகு அவள் வாயில் இன்னொரு அக்கா வந்தாள். அங்கே மருந்து எடுத்துக் கொடுக்கும் பெரியவள், என் வயதுக்காரி. சாப்பாட்டுத் தட்டில் கை வைக்கும்போதே தங்கச்சி ஆரம்பித்துவிடுவாள். அக்கா இப்படிச் சொன்னாங்க, அக்கா அப்படிச் சிரிச்சாங்க. முதலில் என்னைத்தான் சொல்கிறாள் என்று நிமிர்ந்து பார்ப்பேன். நாலு நாள் அப்படி ஏமாந்த பிறகு நிமிர்வதை விட்டுவிட்டேன். பொறாமை என்று எழுதிக்கொள்ளுங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை. வயிறு எரிந்தது. முப்பது வருடத்துக்கு மேலாக நான் ஒருத்திதான் அக்கா.

ஒரு நாள் ஏதோ ஒரு படிவத்துக்காக அவள் மெயிலைத் திறக்கப் பார்த்தேன். நோட்டில் இருந்த பாஸ்வேர்டு வேலை செய்யவில்லை. கேட்டதற்குச் சாதாரணமாகச் சொன்னாள்.

"நானே மாத்திட்டேன்க்கா. அக்காதான் சொல்லிக்குடுத்தாங்க. பாஸ்வேர்டெல்லாம் யார்கிட்டயும் சொல்லக்கூடாதாம்."

நான் சரி என்றேன். நோட்டில் அந்த வரியை ஸ்கேல் வைத்து அடித்தேன். யார்கிட்டயும் என்ற கணக்கில் நானும் வந்துவிட்டேன் என்பதை மட்டும் மனசு ஏற்கவில்லை.

அடுத்த மாதம் அவள் கழுத்தில் பட்டாணி அளவில் ஒரு கட்டி வந்தது. முதலில் பார்த்தது நான்தான். சூட்டுக் கட்டி, தானாக அமுங்கிவிடும் என்றேன். மருந்துக்கடைக்காரி தொட்டுப் பார்த்துவிட்டு, ஊசி குத்திப் பரிசோதித்துவிடு என்று கையைப் பிடித்து அழைத்துப் போயிருக்கிறாள். முடிவு மெயிலில் வருமாம். எல்லாம் முடிந்த பிறகுதான் எனக்குச் சொன்னாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை அவள் குளிக்கப் போனபோது அவள் போனில் பாஸ்வேர்டை மாற்றினேன். என் எண்ணமெல்லாம் இவ்வளவுதான்: அவள் மறுபடி என்னிடம் வர வேண்டும். பழையது எப்படித் தெரிந்தது என்று மூன்று தடவை கேட்டுவிட்டீர்கள். அதைக் கடைசியில் சொல்கிறேன். புதிதாக வைத்தது "என்னைக்கேளு". மாற்றிய கையோடு அவள் போனிலிருந்து கணக்கையும் எடுத்துவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் கடையில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். என் போனில் ஓடிபி வந்தது. அவள் அங்கே முட்டி மோதுகிறாள் என்று அர்த்தம். இரண்டாவது வந்தது. மூன்றாவதும் வந்தது. டீயை மெதுவாகக் குடித்து முடித்தேன். அரை மணி நேரத்தில் வெயிலில் நடந்து வந்து வாசலில் நின்றாள்.

"அக்கா, மெயில் தொறக்க மாட்டேங்குது. அங்க யாருக்கும் ஒண்ணும் புரியல. நீதான் பாக்கணும்."

நாலு மாதமாக நான் கேட்காத வார்த்தை. உட்கார வைத்தேன். மின்விசிறியை அவள் பக்கம் திருப்பினேன். இது பெரிய சிக்கல், இரண்டு மூன்று நாள் ஆகும், கவலைப்படாதே என்றேன். என் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். அன்றைக்கு நான் சந்தோஷமாக இருந்தேன், மேடம். இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

அவள் போன பிறகு கடைக் கம்ப்யூட்டரில் திறந்தேன். முடிவு வந்திருந்தது. மருத்துவச் சொற்கள் எனக்கும் ஓரளவு தெரியும், எத்தனை பேருடைய காகிதங்களை ஜெராக்ஸ் போட்டிருக்கிறேன். கீழே தெளிவாகவே எழுதியிருந்தார்கள்: ஒரு வாரத்துக்குள் நேரில் வரவும். ஆரம்ப நிலை, குணப்படுத்தக்கூடியது என்றும் இருந்தது.

சொல்லியிருக்கலாம். சொல்லத்தான் எழுந்தேன். சொன்னால் அவள் என்ன சொல்வாள் என்று உடனே காதில் விழுந்தது: நல்லவேளை, அக்கா சொன்னதைக் கேட்டேன். சாகும்வரை அதைச் சொல்லிக்கொண்டிருப்பாள். அவளைப் பிழைக்க வைத்தவள் அந்தப் பெண், சூட்டுக் கட்டி என்றவள் நான். மறுபடி உட்கார்ந்துவிட்டேன்.

வியாழக்கிழமை ஒன்றுமில்லையாம் என்று சொன்னேன். அப்படியே கட்டிக்கொண்டாள். மருந்துக்கடைக்காரி காகிதத்தைக் காட்டு என்று கேட்டாளாம், அதையும் கொடுத்தேன். முன்பு ஒரு வாடிக்கையாளருக்கு நல்லபடியாக வந்த முடிவு ஒன்று என் கம்ப்யூட்டரில் இருந்தது. பெயரும் வயதும் தேதியும் மாற்றப் பத்து நிமிடம் ஆனது. வரியெல்லாம் நேராக வந்திருக்கிறது, நீங்களே பார்த்தீர்கள்.

மருத்துவமனையிலிருந்து மெயில் வந்துகொண்டிருந்தது, மொத்தம் மூன்று. கடைசியில், வேறு இடத்தில் சிகிச்சை எடுத்துக்கொள்கிறேன், நன்றி என்று அவள் பெயரில் பதில் போட்டேன். அதோடு நின்றுவிட்டது. முடிவையும் அந்த மூன்றையும் நான் போட்ட பதிலையும் அழித்துவிட்டு, மெயில் சரியாகிவிட்டது என்று புதிய பாஸ்வேர்டோடு அவளிடம் ஒப்படைத்தேன். என்னைக்கேளு என்று படித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். அதை மாற்றவே இல்லை.

எட்டு மாதம் நன்றாகவே இருந்தோம். அந்த அக்கா பேச்சும் குறைந்துவிட்டது. அவள் இளைத்தபோது நாள் முழுக்க நின்றுகொண்டே இருக்கிறாய், அதனால்தான் என்றேன். கட்டியை மறைக்கத் துப்பட்டாவைச் சுற்றிக்கொண்டாள். அவளுக்குச் சாதம் பிசைந்து ஊட்டியிருக்கிறேன், தெருவில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள். கடைசியில் மருத்துவமனைக் கட்டிலில் படுத்துக்கொண்டு ஒரு தடவை கேட்டாள்.

"நீ பாத்தியேக்கா, அப்ப ஒண்ணும் இல்லல்ல?"

"இல்லடி," என்றேன்.

நிம்மதியாகக் கண்ணை மூடிக்கொண்டாள். பதினாறாம் நாள் போய்விட்டாள். அந்த நிம்மதியை வேறு யாராலும் அவளுக்குக் கொடுத்திருக்க முடியாது. மருந்துக்கடைக்காரிதான் மனசு ஆறாமல் பரிசோதனைக் கூடத்துக்குப் போய் மூலப் பிரதியைக் கேட்டு வாங்கி உங்கள் ஸ்டேஷனில் கொடுத்திருக்கிறாள். அவளைக் குறை சொல்லவில்லை, அவள் சுபாவம் அப்படி.

இப்போது பழைய பாஸ்வேர்டு. அது தெரியாமலேயே மாற்றியிருக்கலாம். மறந்துவிட்டது என்று அழுத்தினால் ஓடிபி என் போனுக்குத்தான் வரும். ஆனால் அவள் யார் பெயரை வைத்திருக்கிறாள் என்று எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. மருந்துக்கடைக்காரியின் பெயரைப் போட்டேன். இல்லை. அவள் மகள் பெயர். இல்லை. கடைப் பெயரோடு அவள் பிறந்த தேதி. அதுவும் இல்லை. குளியலறையில் தண்ணீர்ச் சத்தம் நின்றுவிட்டது. சும்மா ஒரு தடவை, ஆங்கில எழுத்தில் அக்கா என்று அடித்தேன். கடைசியில் ஏ இரண்டு தடவை, அவள் அப்படித்தான் எழுதுவாள். பின்னால் என் பிறந்த தேதி.

திறந்துகொண்டது. ஒரு நிமிடம் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு மாற்றினேன்.

வேண்டியவர்கள் பெயரை வைக்காதே என்று அவளுக்கு எத்தனை தடவை படித்துப் படித்துச் சொல்லியிருப்பேன், மேடம். காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.