ஏழாம் வகுப்பின் நடுச்சுவர்

மின்சாரம் போன இரவு. படிக்கட்டில் இருந்தவர்கள்: கடைசிப் படியில் காவலாளி; அவருக்கு மேலே, ஒரே போர்வைக்குள் இரண்டாம் மாடி நர்சும் அவள் கணவனும்; சுவரோரம், கீழே கடை வைத்திருக்கும் தையல்காரர். ஃபியூஸ் பெட்டிக்கு அடியில், டார்ச்சைத் தரையைப் பார்க்கப் பிடித்தபடி எலக்ட்ரீஷியன். கதை சொன்னவன் அவன்தான். அவன் சிநேகிதனின் சித்தப்பா மகனுக்கு நடந்தது...

“இது பள்ளிக்கூடமா இருந்தப்ப ஏழாம் வகுப்பு எங்க இருந்துச்சு தெரியுமா? உங்க மாடிதான் சிஸ்டர்.”

“போர்வையை இழுக்காதடி,” என்றான் நர்சின் கணவன்.

அது நடந்தது பொழுது சாய்ந்த நேரம். அப்போது இந்தத் தெருவில் ஒரு விளக்கு கிடையாது. பூட்டிக் கிடந்த பள்ளிக்கூடம் மட்டும். பழைய கட்டடம் என்பதால் வெளிச்சுவரைத் தொடக் கூடாது. உள்ளே இருப்பதை உடைத்து, கீழே கடை, மேலே வீடு. நடுச்சுவரை உடைக்க வந்தவர்கள் இரண்டே பேர். சித்தப்பா மகனான அந்தத் தம்பி, அவன் அக்கா புருஷன்.

தம்பி இந்தப் பக்கம் சம்மட்டியோடு நிற்பான். மாமா அந்தப் பக்கம் சுவரைத் தாங்கும் முட்டுக்கட்டையை எடுத்துவிட்டு, விலகி நின்று, கடப்பாரையால் சுவரில் இரண்டு தட்டுத் தட்டுவார். ணங், ணங். அந்தச் சத்தம் வராமல் சம்மட்டியை ஓங்கக் கூடாது.

அன்று காலையில் அக்கா உதடு கிழிந்து வந்து நின்றாள். தாய் தகப்பன் இல்லாத தம்பியைத் தூக்கி வளர்த்தவள். மதியம் மாமா சிரித்தார்: “உங்க அக்காவுக்கு வாய் நீளம்டா. கொஞ்சம் குறைச்சுவிட்டேன்.”

தம்பி சாப்பாட்டை மூடிவைத்தான்.

பொழுது சாய்ந்ததும் மாமா அந்தப் பக்கம் போனார். தம்பி காத்திருந்தான். சுண்ணாம்புப் புழுதி... அப்புறம் வேறொரு வாசனை. அப்போதுதான் உடைத்த சாக்பீஸ்.

சுவருக்கு அப்பால் ஒரு குரல். நிதானமாக. “கையை நீட்டு.”

விஷ்க்.

“வேண்டாம் சார்...” மாமாதான். கட்டுமஸ்தான ஆள், மூக்கை உறிஞ்சி உறிஞ்சி அழுதார். “இனிமே அடிக்க மாட்டேன் சார்...”

விஷ்க். விஷ்க்.

தம்பி ஓடிப் போய்ப் பார்த்திருக்கலாம். கால் நகரவில்லை என்று சொல்ல முடியாது. நகர்ந்தது... சுவரை நோக்கி.

அப்புறம் இரண்டு தட்டு. டக், டக். மேசையில் பிரம்பால் தட்டுவது போல, மெலிசாக.

“அது கடப்பாரைச் சத்தம் இல்லையே!” என்றாள் நர்ஸ்.

“இல்ல சிஸ்டர். அவனுக்கும் தெரிஞ்சுது.”

ஓங்கினான். முதல் அடியில் சுவர் பிளந்தது. அடுத்ததில் ஓர் அலறல். அதற்கடுத்ததில் அதுவும் இல்லை. எலும்பில் கல் விழும் சத்தம், ஈரமாக...

புழுதி அடங்கியது. செங்கல் குவியலுக்கு வெளியே இரண்டு கைகள் மட்டும். சேர்த்து நீட்டியபடி, உள்ளங்கை மேலே பார்க்க. அறையில் வேறு ஆள் இல்லை.

போலீஸ் விபத்து என்றது. பிணவறைக்குப் போன அக்காதான் துணியை விலக்கி அந்தக் கைகளைப் பார்த்தாள். வரிவரியாகத் தடித்து, சதை வெடித்திருந்தது. வெளியே வந்து தம்பியின் சட்டையைப் பிடித்தாள்.

“கட்டிவெச்சு அடிச்சியாடா? அடிச்சுட்டுதான் சுவரைத் தள்ளுனியா? நான் கேட்டேனா உன்னை?”

ஊரைவிட்டே போய்விட்டாள். போன இடத்திலிருந்து ஆள் மூலம் சொல்லியனுப்பினாள்: “இல்லைன்னு ஒரு வரி எழுதட்டும். நம்புறேன். வந்துடுறேன்.”

தம்பி உட்கார்ந்து எழுதினான். ‘அக்கா, கையில் அடித்தது நான் இல்லை.’

அதோடு நிறுத்தியிருக்கலாம். பேனாவை மூடினான். மறுபடி திறந்தான்.

‘சுவரை அடித்தது நான். மாமா கெஞ்சியது கேட்டது. கேட்டுக்கொண்டேதான் அடித்தேன். சுவர் விழுந்ததும் அந்தக் குரல் என்னைப் பார்த்து, சபாஷ் என்றது.’

உறையை நாக்கால் நனைத்து ஒட்டினான். தெருமுனைத் தபால் பெட்டியில் போட்டான். அடியில் போய் விழும் சத்தம் கேட்கும்வரை அங்கேயே நின்றான்.