வளர்த்த பிள்ளைக்கு எந்தக் கட்டம்?

எத்தாளையில் பஸ் ஏறிய அண்ணனும் தங்கையும் எனக்கு முன்னால் இருந்தார்கள். அண்ணனுக்குத் தாடி நரைத்திருந்தது. தங்கையின் மடியில் குடும்ப மரம் எழுதும் தாள் இருந்தது.

"நானா, இதில பெத்த பிள்ளைகளுக்குத்தான் கட்டம் இருக்கு. வளர்த்த பிள்ளைக்கு இல்ல."

"அப்ப மன்னாரில இருந்து எங்களை விரட்டக்குள்ள உம்மா என்னை ஏன் வள்ளத்தில ஏத்தினா? தாளைப் பார்த்திட்டு ஏத்தியிருக்கலாமே."

"உம்மாட வள்ளத்தில இடம் இருந்திச்சு. தாளிலதான் இல்ல."

அவர் சிரித்தார். பிறகு, "அப்ப என்ட பேர் வராதா?" என்று கேட்டார்.

அவள் தாளைக் காட்டினாள். ஓரத்தில் கையால் ஒரு கட்டம் கீறியிருந்தது.

"மூத்த ஆளெண்டு எனக்கு முன்னுக்குப் போட்டிருக்கு. இனி அதுக்கும் அதிகாரம் பண்ணுவீங்க."

"பென்சிலாலயா கீறின?"

"பேனையால."

அவர் தாளை வாங்கிப் பார்த்தார்.

"கோடு கோணல்," என்றார்.

புத்தளத்தில் இறங்கும்வரை அதைத் திருப்பிக் கொடுக்கவில்லை.