அண்ணைக்கு நான் கேட்கக் கொடுத்தது

"அம்மப்பாவுக்குப் பாட்டுப் பிடிக்கேல்லையெண்டால் அவர் அதை எப்பிடிச் சொல்லுவார்?"

இப்படி ஒரு குழந்தை என்னிடம் கேட்டாள், ஐயா. என் அண்ணையின் பேத்தி சாருஜா. நவராத்திரி விடுமுறைக்குத் தாய் தகப்பனோடு திருகோணமலையிலிருந்து பண்டத்தரிப்புக்கு, எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். அண்ணை கட்டிலில் கிடந்தார். நான் அவருக்கு முகம் வழித்துக்கொண்டிருந்தேன். அவருடைய காதில் என் போனின் சின்ன இயர்போன் மெதுவாகத் தேவாரம் பாடிக்கொண்டிருந்தது.

"பிடிச்சால் விரலாலை ஒருக்காத் தட்டுவார், பிள்ளை," என்றேன்.

"பிடிக்காட்டில்?"

"அம்மப்பாவுக்குத் தேவாரம் பிடிக்காமல் போகுமே?"

அவள் திருப்தியில்லாமல் என்னைப் பார்த்துவிட்டு முற்றத்துக்கு ஓடிவிட்டாள். நானும் சவர்க்கார நுரையைத் துடைத்துவிட்டு அதை மறந்துபோனேன்.

நீங்கள் இந்தப் பொலிஸ் மேசையில் கிடக்கிற கறுப்புப் பெட்டியைப் பற்றித்தான் கேட்கிறீர்கள். சொல்கிறேன். ஆனால் அண்ணையைப் பற்றிச் சொல்லாமல் பெட்டியைப் பற்றிச் சொன்னால் உங்களுக்கு விளங்காது.

என் பெயர் குகதாசன். பலநோக்குக் கூட்டுறவுச் சங்கத்தில் களஞ்சியப் பொறுப்பாளர். கலியாணம் செய்யவில்லை. அண்ணை சிவசுப்பிரமணியம் எனக்குத் தகப்பன் மாதிரி. அம்மா போனபோது நான் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியிருந்தேன், அவ்வளவுதான். எனக்குச் சோறு தீத்தியதும் அவர், நெற்றியில் திருநீறு பூசியதும் அவர். விமானங்கள் குண்டு போட வந்த காலத்தில் வளவுக்குள் தென்னங்குற்றி போட்டு ஒரு பங்கர் வெட்டியிருந்தோம். விமானச் சத்தம் கேட்டால் அண்ணை என்னைத் தூக்கிக்கொண்டு உள்ளே குதிப்பார். என்னை மடியில் இருத்தி, தன் இரண்டு உள்ளங்கைகளாலும் என் காதுகளை இறுக்கிப் பொத்திவிடுவார். தன்னுடைய காதுகளைப் பொத்த அவருக்குக் கை மிச்சம் இருக்கவில்லை. அந்தக் கடனை ஒருநாள் அடைக்கவேண்டும் என்று கோயிலில் நிற்கும்போதெல்லாம் நினைப்பேன்.

அண்ணி காலமாகி, மகள் நிரோஜா கலியாணம் முடித்துத் திருகோணமலைக்குப் போனபிறகு, வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். அண்ணையின் கண்ணை நீரிழிவு கொண்டுபோயிற்று. போன ஆடியில் பாரிசவாதம் வந்து பேச்சையும் கைகால்களையும் கொண்டுபோயிற்று. மிஞ்சியது இடது கைச் சுட்டுவிரல் மட்டும். டொக்டர் என்னைத் தனியே கூப்பிட்டு, "அறிவு தெளிவாக் கிடக்கு, காதும் நல்லாக் கேக்குது. அவரோடை கதைச்சுக்கொண்டே இருங்கோ," என்று சொன்னார்.

என்னால் பெரிய தர்மங்கள் செய்ய முடியாது, ஐயா. சின்னச் சின்ன இரக்கங்களில் எனக்கு நம்பிக்கை உண்டு. வெயில் காலத்தில் படலைக்கு வெளியே நாய்களுக்குத் தண்ணீர் வைப்பேன். சங்கத்தில் கிழிந்த சாக்கில் கொட்டுண்ட அரிசியைக் கூட்டிக் காகங்களுக்குப் போடுவேன். அண்ணையை ஒருநாளும் புண் வர விட்டதில்லை. புரட்டிப் படுக்கவைத்து, முதுகுக்குப் பவுடர் மா போட்டு, கஞ்சியை ஊதி ஊதிப் பருக்கினேன். எங்கள் பக்கத்து வீட்டு அற்புதராணி அக்காவைக் கேட்டுப் பாருங்கள்.

பின்னேரங்களில் நிரோஜா போன் எடுப்பாள். நான் போனை அண்ணையின் காதடியில் பிடிப்பேன். "அப்பா" என்ற சொல் வந்ததுமே அவருடைய விரல் பாயில் ஒருமுறை தட்டும். அதை நான் உடனே அவளுக்குச் சொல்லுவேன். முகம் முழுவதும் அந்தப் பக்கம் போய்விடும். போனை வைத்தபிறகும் அப்படியே அந்தப் பக்கம் பார்த்தபடி கிடப்பார். நான் கூப்பிட்டால் அவர் அப்படித் திரும்பியதில்லை. எனக்கு அதில் வருத்தம் இல்லை. பெற்ற மகள்.

அந்த நவராத்திரியின்போதுதான் நிரோஜா குசினியில் வைத்துச் சொன்னாள்.

"சித்தப்பா, தை பிறக்க அப்பாவை எங்களோடை கொண்டுபோறன். கீழ் அறை கட்டி முடியுது. நீங்களும் எவ்வளவு நாளைக்கு எண்டு தனிய மாயிறது?"

"எனக்கென்ன பிள்ளை கரைச்சல்? அவர் எனக்குப் பாரமே?"

அவளுடைய கணவன் அருட்செல்வன் நிதானமான மனுசன். தேத்தண்ணியை ஆற்றிக்கொண்டே சொன்னார்: "மகளைத் தெரியுது, அதாலை கொண்டுபோறதிலை அர்த்தம் இருக்கு, சித்தப்பா. மகளையே ஆர் எண்டு மட்டுக்கட்டேலாத நிலைமை வந்தால் பழகின வீட்டிலை விடுறதுதான் புண்ணியம் எண்டு டொக்டரும் சொன்னவர்."

நான் ஓம் என்றேன். அவர்கள் போனபிறகு உலை வைத்தேன். இரண்டு பேருக்குச் சமைத்துப் பழகிய கைக்கு ஒருவருக்கு அரிசி போடத் தெரியாது. தை மாதத்துக்குப் பிறகு வேலை முடிந்து வந்து படலையைத் திறக்கும்போது உள்ளே ஒருவரும் மூச்சு விடாத வீடு எப்படி இருக்கும் என்று யோசித்துப் பார்த்தேன். அதற்குமேல் நான் ஒன்றும் யோசிக்கவில்லை.

கார்த்திகையில் இந்தப் பெட்டியை எடுப்பித்தேன். திருவெம்பாவைக் காலத்தில் கோயில் மைக்செற்றைப் பார்ப்பவன் நான்தான். ஒலி விசயத்தில் எனக்குக் கொஞ்சம் ஆசை உண்டு. என் நண்பன் பார்த்தீபன் கனடாவிலிருந்து வந்தபோது காது முழுவதையும் மூடுகிற பெரிய ஹெட்போன் ஒன்று தந்திருந்தான். போனில் கொளுவினால் அது பூனை முனகுகிற மாதிரித்தான் பாடும். போனுக்குப் பலம் போதாது. போனுக்குள் பாட்டு வெறும் எண்களாகக் கிடக்கிறது. அதை ஒலியாக மாற்ற ஒரு கருவி வேண்டும், அந்த ஒலிக்குப் பலம் கொடுக்க ஓர் அம்பிளிபயர் வேண்டும். இரண்டும் ஒன்றாக உள்ள பெட்டி இது. முன்னால், சத்தத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு திருகி. பின்னால் ஒரு சின்ன ஆளி: கீழே தள்ளினால் குறைந்த பலம், மேலே தள்ளினால் கூடிய பலம்.

முதலில் என் காதில்தான் போட்டுப் பார்த்தேன். நாதஸ்வரம் தொடங்குமுன் வித்துவான் சீவாளியை உதட்டில் வைக்கிற ஈரச் சத்தம் கேட்டது. இத்தனை வருசமாக அந்தப் பாட்டைக் கேட்கிறேன், அந்தச் சத்தம் அதற்குள் இருந்தது எனக்குத் தெரியாது. கண் கலங்கிவிட்டது. இந்தச் சுகத்தை நான் மட்டும் வைத்திருப்பது பாவம் என்று பட்டது. அண்ணையின் நெற்றியில் திருநீறு பூசி, ஹெட்போனை அவருக்குப் போட்டுவிட்டேன். அவருடைய முகம் மலர்ந்தது. விரல் ஒருமுறை தட்டியது. இதை நீங்கள் கட்டாயம் எழுதிக்கொள்ள வேண்டும், ஐயா. முதல் நாள் அது கலப்பில்லாத அன்பு.

அன்றைக்கு நிரோஜாவின் போன் வந்தபோது ஹெட்போன் அவர் காதில் இருந்தது. கழற்றினால் பாட்டுக் குழம்பும். "அப்பா நித்திரை, பிள்ளை," என்றேன். அவர் கண் மூடித்தான் கிடந்தார்.

பிறகு திருகியைக் கொஞ்சம் கூட்டினேன். அண்ணைக்குத் தவில் என்றால் உயிர். பழைய போன் ஒன்றைக் கொளுவி, தவில் தனியாவர்த்தனத்தைத் திரும்பத் திரும்பப் பாடும்படி வைத்தேன். நான் வேலைக்குப் போகிற நேரத்தில் அவர் தனிமையாக உணரக்கூடாது அல்லவா? தலை சரிந்தால் ஹெட்போன் வழுவுகிறது என்று, பழைய வேட்டித் துண்டு ஒன்றால் நாடியோடு சேர்த்துக் கட்டினேன். இறுக்கிக் கட்டவில்லை. பின்னால் இருந்த ஆளியை மேலே தள்ளியது எந்த நாள் என்று எனக்கு நினைவில்லை. விரல் வேறுமாதிரித் தட்டத் தொடங்கியது அதற்குப் பிறகுதான். இரண்டு தட்டு, கொஞ்சம் பொறுத்து இரண்டு தட்டு. நான் வேலைக்குப் போகும்போதும் தட்டினார், வரும்போதும் தட்டினார்.

அற்புதராணி அக்கா பால் கொண்டுவந்தவர் வாசலில் நின்று சிரித்தார்.

"என்ன தம்பி, கொண்ணரைப் பிளேன் ஓடப் பழக்கிறியோ? தவில் அடி கிணத்தடி வரைக்கும் கேக்குது."

"அவருக்குக் கொஞ்சம் காது மந்தம் அக்கா. உதிலை போட்டால்தான் கேக்குது."

"விரல் ஏன் உப்பிடித் துடிக்குது?"

"தாளம் போடுறார்."

"கலைஞன்தான்," என்று சொல்லிவிட்டுப் போனார்.

மார்கழியில் ஒருநாள் ஹெட்போனைக் கழற்றிவிட்டு நிரோஜா எடுத்த போனை அவர் காதில் வைத்தேன். அவள் கூப்பிட்டாள். விரல் அசையவில்லை. திரும்பக் கூப்பிட்டாள். பெலத்துக் கூப்பிட்டாள். அண்ணை முகட்டுப் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு அப்படியே கிடந்தார்.

"அப்பாவுக்கு என்னைத் தெரியேல்லையோ, சித்தப்பா?"

"அவசரப்படாதை, பிள்ளை. வருத்தக்காரன்."

அவள் அழுதாள். நான் ஆறுதல் சொன்னேன். உண்மையாகவே எனக்கு அவளுக்காக வருத்தமாக இருந்தது. அடுத்தடுத்த நாட்களிலும் அதே கதைதான். ஒரு கிழமை கழித்து அருட்செல்வன் போனுக்கு வந்து, அப்பா பண்டத்தரிப்பிலேயே இருக்கட்டும், தாங்கள் தைப்பொங்கலுக்கு வந்து பார்த்துவிட்டுப் போகிறோம் என்றார். அன்றைக்குக் கோயிலில் ஒரு தேங்காய் கூடுதலாக உடைத்தேன். பிறகு வீட்டுக்கு வந்து, வழமைபோல அண்ணைக்கு ஹெட்போனைக் கட்டிவிட்டேன். தொடங்கிய நல்ல பழக்கத்தை இடையில் விடக்கூடாது.

அவர்கள் சொன்ன நாளுக்கு முதல் நாளே வந்துவிட்டார்கள். நான் கிணற்றடியில் அண்ணையின் துணிகளை அலசிக்கொண்டிருந்தேன். உள்ளே வரும்போது நிரோஜா கட்டிலில் இருந்து தகப்பனின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். விரல் அவளுடைய உள்ளங்கையில் இரண்டு இரண்டாகத் தட்டிக்கொண்டிருந்தது.

"தாளம் போடுறார், பிள்ளை," என்றேன்.

சாருஜா இப்போது மிருதங்கம் பழகுகிறாளாம். கட்டிலடியில் நின்று, ஹெட்போனுக்கு வெளியே கசிகிற தவிலுக்குக் காதைக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"இல்லையம்மா. பாட்டு ஒரு தாளம், அம்மப்பா வேறை என்னவோ தட்டுறார்."

நிரோஜா துண்டை அவிழ்த்து, ஹெட்போனை எடுத்துத் தன் காதில் வைத்தாள். வைத்த வேகத்தில் பிடுங்கி எறிந்தாள். கொஞ்ச நேரம் இரண்டு காதுகளையும் பொத்திக்கொண்டு குனிந்து இருந்தாள். பிறகு தகப்பனின் காதுக்குள் வாயை வைத்து "அப்பா" என்று கத்தினாள். குழந்தை பயந்துபோய் அழத்தொடங்கியது. அண்ணை அசையவில்லை.

"அப்பாவுக்குக் காது கேக்கேல்லை. உங்களுக்குத் தெரியுமோ, சித்தப்பா?"

"ஓம்," என்றேன். நான் பொய் சொல்கிறவன் இல்லை.

அவள் என்னைத் திட்டவில்லை. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, வானைக் கொண்டுவரச் சொல்ல ஒழுங்கை முகப்புக்குப் போனாள். ஒழுங்கை ஒடுக்கம், வேலியில் உரசும் என்று அருட்செல்வன் வானை ரோட்டிலேயே விட்டிருந்தார்.

ஐயா, ஒன்றை நான் முதலில் சொல்லாமல் விட்டேன். பங்கருக்குள் அண்ணை என் காதுகளைப் பொத்தியிருக்கும்போது எனக்கு ஒன்றும் கேட்காது. விமானம் போனதா இல்லையா என்று தெரியாது. போனதும் அண்ணை சுட்டுவிரலால் என் நெற்றிப்பொட்டில் இரண்டு முறை தட்டுவார். முடிஞ்சுது, இனிப் போதும், எடுக்கலாம் என்று அர்த்தம். இந்த உலகத்தில் அந்த இரண்டு தட்டு எங்கள் இருவருக்கு மட்டும்தான் தெரியும். கார்த்திகையிலிருந்து அவர் எனக்கு என்ன சொல்லிக்கொண்டிருந்தார் என்பது, ஓம், எனக்குத் தெரியும். முதல் தடவை தட்டியபோதே தெரியும்.

நிரோஜா திரும்பி வருமுன் வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். பெட்டியின் மின்சாரத்தை நிறுத்தினேன். கட்டிலில் ஏறி இருந்து, அண்ணையின் தலையை என் மடியில் வைத்து, இரண்டு உள்ளங்கைகளாலும் அவருடைய காதுகளைப் பொத்தினேன். காதுகள் சூடாக இருந்தன. வான் ஒழுங்கைக்குள் திரும்புகிற சத்தம் கேட்கும்வரை கையை எடுக்கவில்லை. பிறகு அவருடைய நெற்றிப்பொட்டில் இரண்டு முறை தட்டினேன். அவர் எனக்குச் செய்ததை அப்படியே அவருக்குத் திருப்பிச் செய்துவிட்டேன். ஒருவரும் பார்க்கவில்லை. பார்க்கவேண்டும் என்று நான் நினைக்கவும் இல்லை.

அண்ணையின் விரல் பாயில் அசையாமல் கிடந்தது. பிடிக்கவில்லையென்றால் சொல்லியிருப்பார்.